குண்டம்மாவுக்கு வயிறு பெருத்தபோது

மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் என் சித்திக்கு வேலை. சீட்டுக் கொடுப்பதும் எண்ணைக் கூப்பிடுவதும் அவள்தான். டாக்டரம்மாவின் சொந்த நாத்தனாரே வந்தாலும் வரிசையை மாற்றமாட்டாள். அதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறாள். மேசையை ஒட்டியிருந்த மீன்தொட்டி யார் பொறுப்பிலும் இல்லாததால் அதுவும் அவள் தலையில் விழுந்தது. அதிலிருந்த மீன்களில் மூத்தது ஒரு தங்கமீன், பெயர் குண்டம்மா. சித்தி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் அதுவும் கண்ணாடிக்குள் கூடவே வரும்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் தினமும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். அப்போதுதான் குண்டம்மாவின் வயிறு பெருக்கத் தொடங்கியது.

வேறு இடமாக இருந்தால் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். அந்தக் கூடத்தில் பெருத்த வயிற்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? காத்திருந்த பெண்கள், அது எப்போது முட்டையிடும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவளுக்கு எந்தத் தேதி குறித்திருக்கிறோம் என்று டாக்டரம்மாகூடக் கேட்டுவிட்டுப் போனார். மீன் இரையை வாயில் வாங்கித் துப்பியது. மசக்கை என்றாள் சித்தி. வாய்க்குப் பிடிக்கட்டும் என்று தினமும் இன்னும் இரண்டு முறை சேர்த்துப் போட்டாள். பிறகு மீன் அடியில் போய் அசையாமல் கிடந்தது. பாரம் தாங்கவில்லை பாவம் என்றார்கள்.

இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்த ஒருத்தி எப்போதும் தொட்டியின் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். சிரிக்கிற கூட்டத்தில் அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

"இவ நல்லபடியா பெத்துட்டா நானும் பெத்துடுவேன்க்கா" என்று ஒருநாள் சித்தியிடம் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் தொட்டியைக் கழுவ மரமூடியைத் தூக்கினோம். இரை போடுவதுகூட மூடியிலிருந்த சின்ன ஓட்டை வழியாகத்தான் என்பதால், அதுவரை எல்லோரும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தோம். மேலிருந்து பார்த்தபோது குண்டம்மாவின் செதில்கள் அன்னாசிப்பழத் தோல்போல விறைத்து வெளியே நின்றன. கண்களும் பிதுங்கியிருந்தன.

நான் படமெடுத்துக்கொண்டு வண்ணமீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முட்டை என்றால் வயிறுதான் பெருக்குமாம், செதில் படிந்தே இருக்குமாம். செதில் தூக்கினால் சிறுநீரகம் கைவிட்டு உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்று அர்த்தமாம். தின்னாத இரை அடியில் அழுகித் தண்ணீர் கெட்டாலும் இப்படி வரும் என்றார். இரையைத் துப்பியபோதே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாமாம்.

"இனிமே நாம செய்யறது நம்ம மனசுக்காகத்தாம்மா" என்றபடி மருந்தையும், கோத்த நீரை வடிக்கும் எப்சம் உப்பையும் எடுத்துக் கொடுத்தார்.

துணிகள் வைக்கும் அறையில், குழந்தைகளைக் குளிப்பாட்டும் பழைய தொட்டி ஒன்றில் அதைத் தனியாக விட்டோம். காற்றுக்குழாய் போட்டோம். அவர் சொன்ன அளவில் உப்பைக் கரைத்தோம், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினோம். மருந்தை இரையில் கலந்துதான் தர வேண்டும். அதுவோ வாயையே திறக்கவில்லை. சித்தி ஒரு துணுக்கை விரலில் ஒட்டி அதன் முகத்துக்கு நேரே வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"உலகத்தையே சுத்திட்டு வந்தியேடி, வாயைத் திறக்காததுக்கு மருந்து குடுக்க எங்கேயாவது கத்துக்கிட்டியா?" என்றாள். நான் காற்றுக்குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

கூடத்தில் கேட்டவர்களிடம் குண்டம்மாவைப் பிரசவத்துக்கு உள்ளே சேர்த்திருப்பதாகச் சொல்லிவைத்தாள்.

ஒரு காலையில் குண்டம்மா கவிழ்ந்து மிதந்தது. அதை ஈரத்துணியில் சுற்றிவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சித்தி மேசைக்கு வந்தாள். பரிசோதனைக்காக அந்தப் பெண் வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா, பெத்துட்டாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி மேசைக்கடியில் என் கையை அழுத்தினாள். பிறகு, முன்னால் நாலு பேர் காத்திருக்க, அந்தப் பெண்ணின் எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் ஒன்றும் புரியாமல் எழுந்து, வயிற்றைப் பிடித்தபடி, தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடிய பிறகும் சித்தி தலை நிமிரவில்லை.