மலைக்காற்றும் நான் பார்த்த நல்ல நேரமும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். டோர்வல் விமான நிலையத்தில் விமானம் கழுவியே கர்க்லாண்டில் வீடு வாங்கினேன், மகனை விமானியாக்கினேன். அவன் வாங்கிய சிறு விமானத்தில் முதலில் நான்தான் ஏற வேண்டும் என்றேன்.

அன்று ஞாயிறு மத்தியானம்.

"அப்பா, மலைக்கு அங்கால இப்ப காத்து கீழ அமத்தும். பின்னேரம் அஞ்சு மணிக்குப் போவம்."

"அது ராகு காலமடா. காத்துக்குப் பயந்தவனே நீ?"

சிரித்துக்கொண்டு ஏறினான்.

மலை முகட்டைத் தாண்டியதும் காற்று எங்களை மரங்களுக்குள் அமுக்கியது. எனக்குக் கால் முறிந்தது. அவன் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருமகள் கேட்டாள்: "மாமா, காத்து கீழ அமத்துமெண்டு அவருக்குத் தெரியாதே?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

கவனமில்லாமல் ஓட்டிவிட்டான் என்று இன்றும் அவனைத் திட்டியே அழுகிறாள். எவனுக்கும் தலைகுனியாத நான், அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. உங்களிடம் சொல்லியும் நெஞ்சு ஆறவில்லை.