தட்டில் மிஞ்சிய க்ரோகெத்தா

ஸ்பெயினின் வய்யதோலித் நகரில் எலாதியோவுக்குப் பிரமாதமான பேரெல்லாம் கிடையாது. ரொம்ப வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், வெட்கங்கெட்டவர். மூன்றாவதுதான் ஊருக்கே தெரியும்.

ஞாயிறு மதியம் பெரிய சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஒயின் கடையில், அவரும் சிநேகிதர் உர்பானோவும், உர்பானோவின் மனைவி ஃபெர்மினாவும் ஒரு பீப்பாயைச் சுற்றி நின்றபடி குடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் முழங்கையை ஊன்ற இடம் பிடிப்பதே பெரும்பாடு. ஒயினோடு ஒரு தட்டு க்ரோகெத்தா வரும்; பன்றித்தொடை இறைச்சியைப் பாலிலும் மாவிலும் கிண்டிப் பொரித்த உருண்டை. கடைசியில் தட்டில் ஒன்று மிஞ்சும். அதற்கு ‘வெட்கத்தோடது’ என்று பெயர். மானமுள்ளவன் எவனும் தொடமாட்டான். ஸ்பெயினில் பாதி க்ரோகெத்தா இப்படித்தான் வீணாய்ப்போகிறது. எலாதியோ நிற்கும் இடத்தில் மட்டும் போகாது. கை நீளும், லபக்.

“ஒனக்கு வெக்கம், மானம், சூடு, சொரணை ஏதாவது இருக்காடா?” என்பார் ஃபெர்மினா, வாராவாரம்.

“எல்லாத்தையும் ஒனக்கே விட்டுக் குடுத்துட்டேன் தாயே!” என்பார் எலாதியோ, வாய் நிறைய.

அந்தத் திட்டு விழாவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்காது.

இந்த ஞாயிறு அவர் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டு வந்திருந்தார். குடலில் கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. தெரிந்தால் இவர்கள் இரண்டு பேரும் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கத்தியைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஆகவே வழக்கம்போல இருக்க ரொம்பவே பாடுபட்டார். தோற்றுப்போன உள்ளூர் கால்பந்து அணியை வைதார். உர்பானோவின் புதுத் தொப்பியைக் கிண்டலடித்தார். சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே சிரித்தார். இத்தனை வேலையில் தட்டைப் பார்க்க மறந்துபோனார்.

வெட்கத்தோடது அப்படியே கிடந்து ஆறி விறைத்துப்போயிருந்தது. ஃபெர்மினா அதைப் பார்த்தார். எலாதியோவைப் பார்த்தார்.

“ஒடம்புக்கு என்ன?”

“எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்.”

“எலாதியோ.”

அவர் ஒயினை ஒரு வாய் குடித்தார். “வியாழக்கிழம வயித்துல கத்தி வெக்கிறாங்க. கட்டியாம். சின்னதுதான்.”

உர்பானோ தொப்பியைக் கழற்றினார்.

“மாட்டுய்யா அத. இன்னும் சாகல.”

யாரும் சிரிக்கவில்லை. எலாதியோ சட்டென்று கையை நீட்டி, ஆறிப்போன வெட்கத்தோடதை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். ஃபெர்மினாவையே பார்த்தபடி மென்றார். திட்டு, திட்டித் தொலையேன் என்று மனசு கெஞ்சியது.

ஃபெர்மினா ஒரு காகிதக் கைத்துடைப்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“மெதுவா சாப்பிடுப்பா,” என்றார். “சுடப்போவுது.”