பீச்சாங்கைச் சோறு

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குப் பின்னால், கை கால் வராத பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருந்தது. அங்கே நான் பதினோரு வருஷம் ஆயாவாக வேலை பார்த்தேன். கன்னடக்காரர்களுக்கும் எங்களுக்கும் நடந்த காவேரிக் கலாட்டா ஓய்ந்து நாலைந்து வருஷம் இருக்கும், ஒரு வெளிநாட்டுப் பெண் ஆறு மாசம் சேவை செய்ய வந்தாள். எந்த நாடு என்று இரண்டு தரம் சொன்னாள். எனக்கு மனசில் நிற்கவில்லை. மூன்றாம் தரம் கேட்கக் கூச்சம். நான் நாலாவதோடு நின்றவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டேன்.

அவளுக்கு எல்லாமே இடது கைதான். எழுதுவது, பிள்ளைகளுக்குத் தலை வாருவது, எங்களோடு தரையில் உட்கார்ந்து சாம்பார் சோறு தின்பது, எல்லாம். சமையல்கார அக்காவுக்கு அது பொறுக்காது.

"கழுவுற கையாலயே திங்குது பாரு. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"அவங்க ஊர்ல கழுவறதில்லையாம்க்கா. பேப்பராம்."

"அப்ப ரெண்டு கையும் ஒண்ணுதான். நல்லாருக்குடி கணக்கு."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் அவளும் எங்களோடு சிரித்தாள்.

இல்லத்தில் ஏழு வயசுப் பெண் பிள்ளை ஒன்று இருந்தது. பேச்சு வராது. வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருக்கும், விரல் பிரியாது. மூன்று வருஷமாக நான்தான் அதற்கு ஊட்டினேன். மத்தியானம் என் வளையல் சத்தம் கேட்டாலே வாயைத் திறந்துகொள்ளும். இடது கை அதற்கு நன்றாகத்தான் இருந்தது. அது சோற்றுப் பக்கம் வந்தால் ஒதுக்கிவிடுவேன். பீச்சாங்கையைத் தட்டில் வைக்க விடலாமா? அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

வந்த பெண் அந்தக் கைக்கே சோறு பழக்கினாள். தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி விரிப்பாள். எதிரே தன் தட்டோடு உட்கார்ந்து, தான் தின்றுகாட்டுவாள். முதல் மாசமெல்லாம் சோறு தரையில். துடைப்பது நான். நாலாம் மாசம் ஒரு நாள், பிள்ளை தானாகவே அள்ளித் தின்று, கடைசிப் பருக்கை வரை வழித்துவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் வளையல் சத்தத்துக்கு அன்றைக்கு அது திரும்பவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தானாகச் சாப்பிடுகிற பிள்ளையைத்தான் எடுப்பார்கள், அதுவும் எட்டு வயசுக்குள். அங்கிருந்து டீச்சர் பார்க்க வருகிற நாளில், இவள் வெளிநாட்டுக்காரி என்பதால் போலீஸ் ஆபீசில் போய்க் காகிதம் காட்ட வேண்டியிருந்தது. கிளம்பும்போது என்னிடம், "அம்மா, துணி, தட்டு. அவ்ளோதான். நீ சும்மா உக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றி நிறையக் குங்குமம். நான் தட்டை வைத்தேன். பிள்ளையின் இடது கை சோற்றுக்குப் போனது. டீச்சர் கண் அந்தக் கைமேலேயே இருந்தது. இதுதான் நீ வளர்த்த லட்சணமா என்று நினைப்பாரே என்று எனக்கு வேர்த்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு அடி வைத்தேன். பெரிய அடி இல்லை. வலது கை விரலைப் பிரித்து அதில் ஒரு உருண்டை வைத்தேன். விழுந்துவிட்டது. பிள்ளை இடது கையைக் கவுனுக்குள் ஒளித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.

"தானே தின்னல்வா?" என்று கன்னடத்தில் கேட்டார் டீச்சர், தானாகத் தின்னாதா என்று.

தின்னும்மா, அந்தக் கையால் தின்னும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? குனிந்தபடியே அந்த வாயில் சோற்றை வைத்தேன். அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அவர்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இடது கையால்தான் தின்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

சாயங்காலம் அவள் வந்ததும், "சாப்டாளா?" என்றாள். தலையாட்டினேன். சாப்பிட்டது உண்மைதானே. மறுநாளிலிருந்து அவள் எதிரே உட்கார்ந்து தின்றுகாட்டியும் பிள்ளை கையை நீட்டவில்லை.

இடம் இல்லை என்று பதில் வந்த அன்று, படியில் உட்கார்ந்து அழுதாள். தான் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு "சாரி, சாரி" என்றாள். இத்தனை நாள் தரை துடைத்ததற்காக என்னிடமும் சாரி சொன்னாள். நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வழக்கத்தை மீற முடியவில்லை, அதனால்தான் அடித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். அந்த வாய் மறுபடி எனக்காகத் திறந்தபோது என் வயிறு குளிர்ந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஊருக்குப் போன மறுநாள் நானே ஈரத்துணி விரித்துத் தட்டு வைத்தேன். பிள்ளை வாயைத் திறந்தது. கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தால் இழுத்துக்கொண்டது. சமையல்கார அக்கா பார்க்காதபடி கதவைச் சாத்திவிட்டு, நானும் இடது கையால் தின்றுகாட்டினேன். பாதி மடியில் கொட்டியது. அதைப் பார்த்து அது சிரித்தது, ஆனால் கையை நீட்டவில்லை.

தசரா கழிந்துதான் அந்தக் கை தட்டுக்கு வந்தது. அதற்குள் எட்டு வயசு தாண்டிவிட்டது. பிள்ளை இல்லத்திலேயே இருந்துவிட்டது. ஒவ்வொரு வாய்க்கும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். "தின்னு கண்ணு" என்று நான் சொன்னால்தான் கை மேலே எழும்பும்.