ஒரு பிரிண்ட் வரியின் தயவில்

பழைய புரோகிராமுக்குப் புது உறை, எங்கள் பேச்சில் ராப்பர், மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வேலை ஓடினால் உள்ளே இருப்பதைப் புகழ்வார்கள், படுத்தால் உறையைத் திட்டுவார்கள். இதே பாவத்தைச் செய்தவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். அவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு விளக்கம். சி பிளஸ் பிளஸ், பைத்தான் இரண்டும் புரோகிராம் எழுதும் மொழிகள். சி பிளஸ் பிளஸில் எழுதியது வேகமாக ஓடும், ஆனால் முரடு. பைத்தான் சாது, ஆனால் மெதுவு. வாடிக்கையாளருக்கு இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்று அங்கே சொன்னதை இங்கே, இங்கே சொன்னதை அங்கே சொல்லும் ஆள் நான்.

ரெண்டு வாரம்

எங்கள் அலுவலகம் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல்மாடி. பத்து மணிக்கே சாம்பார் வாசனை வந்துவிடும். அங்கே வந்து சேர்ந்தது சாங்கி விமான நிலையத்தில் உள்ள ஒரு சரக்கு நிறுவனத்தின் வேலை. விமானத்தில் எந்தப் பெட்டியை எங்கே வைத்தால் எடை சமமாக நிற்கும் என்று கணக்குப் போடும் பழைய புரோகிராம் அது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். மூலக் குறிப்புகளும் அவரோடு போய்விட்டன. கையில் இருந்தது கணினிக்கு மட்டும் புரியும்படி கம்பைல் செய்த கோப்பு ஒன்றும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெயர் மட்டும் சொல்லும் பட்டியல் ஒன்றும்தான்.

என் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. இந்த வேலை காலத்தில் முடிந்தால் இரண்டு வருட நீட்டிப்பு, அதோடு இந்த நாட்டில் தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் என் வேலை பாஸும் நீளும். என் பாஸை நம்பித்தான் கணவர் சேகரும் மகளும் பொங்கோல் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தும் முதலாளி சிவநேசன் கோப்பை என் மேசையில் வைத்துச் சொன்னார்: "சின்ன ராப்பர் வேலைதானே, ரெண்டு வாரம் போதும் லா."

காதர் பாய் பார்த்த எடை

இரண்டாவது வாரத் தொடக்கத்தில் சாங்கிக்கு முதல் முறை காட்டப் போனேன். சரக்கு ஏற்றும் பிரிவின் பொறுப்பாளர் காதர் பாய். இருபது வருடமாகப் பெட்டிகளோடே வாழ்கிறவர். ஒரு விமானத்துச் சரக்கை உள்ளிட்டேன். கணக்கு கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழைய புரோகிராம் எடையைப் பவுண்டில் எதிர்பார்க்கிறது என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. நான் கிலோவில் கொடுத்தேன். விமானம் பாதிகூட நிறையவில்லை, இன்னும் ஏற்றலாம் என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. காதர் பாய் எந்தக் கணக்கும் போடவில்லை, எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். "இது சொல்ற மாதிரி ஏத்தினா, பிளேன் மேல போகாதும்மா, பஸ் மாதிரி ரோட்லயே போய்க்கிட்டு இருக்கும்."

மந்திர வரி

பவுண்டைச் சரிசெய்தேன். அதன் பிறகு புது வியாதி வந்தது. நாற்பது முறை ஓட்டினால் ஒரு முறை புரோகிராம் பொத்தென்று விழும். தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள்படும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற இரண்டு சொல் தவிர வேறு பேச்சு கிடையாது. எங்கே விழுகிறது என்று பார்க்க, உள்ளே போகும் எடைப் பட்டியலைத் திரையில் காட்டும்படி ஒரு பிரிண்ட் வரி போட்டேன். விழுவது நின்றுவிட்டது. சேர்த்ததை எடுத்தால் விழுகிறது, திரும்பப் போட்டால் நிற்கிறது. நாலு நாள் இதே விளையாட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து இருக்கைக் கவிதா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இந்த மாதிரி நிறையப் பார்த்தவள். என் திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஓடுதுல்லக்கா? டோன்ட் டச் லா. ஒரு கும்பிடு போட்டுட்டு அப்படியே குடுத்துடுங்க."

கையெழுத்து

அப்படியேதான் கொண்டுபோனேன். காதர் பாய் முன்னால் இருநூறு முறை ஓடியது, ஒரு முறைகூட விழவில்லை. எடைகளும் சரி. பேனாவைத் திறந்துகொண்டே, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: எல்லாம் சரியாயிருக்குல்லம்மா? ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தச் சரக்குக்கு மேலே பயணிகள் தளத்தில் மனிதர்கள் உட்கார்ந்து போவார்கள் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பெட்டியை நாங்க ஏத்துறதில்லம்மா. போயி பாத்துட்டு வாங்க."

வீட்டில்

சேகரிடம் சொன்னேன். ஏன் வாயைத் திறந்தாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன், சண்டைக்கும் தயாராக இருந்தேன். அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்: "பாப்பாவுக்கு அடுத்த வருஷ யூனிஃபார்ம் வாங்கறதா, கொஞ்சம் நிறுத்தி வைக்கவா?"

காரணம்

ஒன்பது நாள் கழித்துக் கண்டுபிடித்தேன். பெயரில்லாத எதையும், வேலை முடிந்தது என்று பைத்தான் குப்பையில் போட்டுவிடும். நான் எடைப் பட்டியலுக்குப் பெயர் வைக்காமல் அப்படியே சி பிளஸ் பிளஸிடம் நீட்டியிருந்தேன். அது வாங்கிக்கொண்டது பட்டியலை அல்ல, பட்டியல் இருக்கும் விலாசத்தை. திரும்ப வந்து பார்த்தால் வீடே இருக்காது. திரையில் காட்டுவதற்காக மட்டும் நான் பட்டியலுக்கு ஒரு பெயர் வைத்தேன், அந்தப் பெயரால் அது பிழைத்துக் கிடந்தது. இரண்டு விமானங்களுக்குச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தப் பெயர் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும், பிரிண்ட் வரி இருந்தும் முதல் பட்டியல் போய்விடுகிறது. அப்போது விழவும் இல்லை, தப்பான எடையைத் தைரியமாகச் சொன்னது.

பட்டியலைக் கடைசிவரை பிடித்துவைக்க ஒரு வரி சேர்த்தேன். காதர் பாய் இரண்டு விமானம், மூன்று விமானம் என்று போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சொன்ன காலம் தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. சிவநேசன் நான் மாற்றியதைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "ஒரே ஒரு வரி, இதுக்கா இவ்வளவு நாள்? சரி, ஒப்பந்தத்தை இப்போதைக்கு மூணு மாசம் நீட்டித் தரேன், பிறகு பாப்போம் லா."

மறைத்தால் இரண்டு வருடம், சொன்னால் மூன்று மாதம்: எங்கள் தொழிலில் இன்றைய நிலவரம் இதுதான்.