மயில்கள் காணாமல் போன காலை

திருத்தங்கலில் எங்கள் அச்சகத்தின் பின்பக்கம் குளிரூட்டிய சின்ன அறை ஒன்றில் சர்வர் இருந்தது. பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் படங்கள் அத்தனையும் அதற்குள்தான். அப்பாவின் தங்கையான அத்தை பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே கிடங்காக ஆக்கியிருந்தாள். விடுமுறை நாட்களில் அதன் இரைச்சலைக் கேட்டபடி அங்கேயே கண் அயர்வேன். உள்ளே மயில்களும் மத்தாப்புப் பெண்களும் உறங்குவதாக எனக்கு நினைப்பு.

முன்பெல்லாம் மின்சாரம் போய் வந்ததும் சர்வரோடு கிடங்கும் தானாகவே மவுண்ட் ஆகி, படங்கள் திறந்துகொள்ளும். ஒருமுறை ஒரு டிஸ்க் எழத் தாமதித்ததில் கிடங்கு அரைகுறையாகத் திறந்து சில படங்கள் கெட்டுப்போயின. அதிலிருந்து அத்தை தானாகத் திறப்பதை நிறுத்திவிட்டாள். டிஸ்க்குகளின் விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரு வரி தட்டி அவளே திறப்பாள். அப்பாவுக்கு அது வீண் பிடிவாதமாகப் பட்டது.

சீசன் தொடங்கிய ஒரு காலையில் அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அம்மாவோடு இருக்கன்குடி போனாள். சாமி கும்பிட என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு மின்சாரம் போய் வந்தது.

அச்சகத்தில் படம் வடிவமைக்கும் அண்ணன் வெளிறிய முகத்தோடு ஓடி வந்தார். "அண்ணாச்சி, ஒரு படத்தையும் காணோம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாத்தான் ஏத்தணும் போல."

அப்பா அத்தையைப் போனில் அழைத்தார்.

"யாரும் அதத் தொடாதீக அண்ணே. புள்ளகிட்ட போனக் குடுங்க."

அவள் கிடங்கைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தானே.

"ஏ புள்ள, வெளக்கெல்லாம் பச்சையா எரியுதா?"

"ஆமா அத்தை."

கோயில் மணிச் சத்தத்துக்கு நடுவே அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் தட்டினேன். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு மயில்கள் ஒவ்வொன்றாகத் தோகையோடு வந்து நின்றன. அப்பா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் அத்தை புடவைகூட மாற்றாமல் அந்த அறைக்கு வந்தாள். முன்பு எழத் தாமதித்த டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். கிடங்கு மறுபடி தானாகத் திறக்கும்படி செய்துவிட்டு, சர்வரைத் திரும்பத் திரும்ப அணைத்து எழுப்பிப் பார்த்தாள்.

"இனிமே யாரும் வேணாம். அதுவாத் தெறந்துக்கிடும்."

வாசலில் நின்ற அப்பா, "இப்பமே எதுக்கும்மா? மெதுவாப் பாத்துக்கலாம்லா?" என்றார். அத்தை என் தலையைக் கோதிவிட்டாள்.

கோயிலில் அவளைப் பெண் பார்த்துவிட்டார்கள் என்பதும், கல்யாணமாகி எங்கள் வீட்டைவிட்டுப் போகத் தயாராகிறாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இனி அந்த வரியைத் தட்ட எனக்கு வாய்ப்பே வராதே என்ற கோபத்தில், அன்று அவளோடு பேசாமலே படுத்துக்கொண்டேன்.