சுவர் பகலில், தரை சாயங்காலத்தில்

என் நாத்தனாருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் அப்பா ஜாடை. கடைக்குட்டி அப்படியே நாத்தனாரின் மாமியார். அதனாலேயே அவளுக்குத் திட்டு அதிகம் விழும். நடுவிலுள்ளவள் யார் ஜாடையும் இல்லை. துறுதுறுவென்று இருப்பதால் சுண்டெலி என்று பெயர் வைத்தோம். முப்பத்து நான்கு வயதிலும் அந்தப் பெயர் போகவில்லை.

கார்ட்டூன் படக் கம்பெனியில் வேலை. பொம்மைகள் ஓடியாடும்போது பின்னால் தெரிகிற வீடு, தெரு, மரமெல்லாம் வரைவாள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும், நிழலுக்கு என்ன நிறம் என்பதை வேறொருவர் முடிவு செய்வார், இவள் பூசுவாள். ஒன்பது வருடம் அப்படியே போயிற்று. இந்த முறைதான் பதினோரு படங்களை இவள் முடிவுக்கே விட்டார்கள். ஒரே அறை, காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளை, விளக்கேற்றும் நேரத்திலிருந்து விடியும் வரை. வெள்ளிக்கிழமை அது தேறினால் முழுப் படத்துக்கும் நிறம் சொல்வது இவள். தேறாவிட்டால் பழையபடி இலைக்குப் பச்சை.

அந்த நேரம் பார்த்துப் படியில் கால் பிசகிவிட்டது. கம்பெனிக் கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். சமைத்துப் போட நான் போனேன். காலையில் உட்கார்ந்தால் இருட்டி வெகு நேரம் ஆகியும் எழமாட்டாள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள், அழிப்பாள், மறுபடி பூசுவாள்.

"அத்தை, இந்தப் பையன் சட்டை தரையோட ஒட்டிப் போகுதா?"

"எனக்குச் சோறு ஒட்டுதான்னுதான் தெரியும். சாப்பிட வா."

வெள்ளிக்கிழமை கைத்தாங்கலாக அவளை அழைத்துக்கொண்டு நானும் போனேன். பெரிய திரையில் படத்தைப் போட்டார்கள். டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"என்னம்மா இது? சுவர்ல பொழுது விடியுது, தரையில ஐஸ் உறையுது. பிள்ளைக்குக் காய்ச்சலா, விறைப்பா?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். இவளுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த படம், அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் எங்கோ ஒரு மூலையில் நீலம் பூத்திருந்தது. கட்டுப்போட்ட காலோடு திரைக்கு முன்னால் இங்கும் அங்கும் நொண்டினாள்.

"சுவர் பகல்ல வரைஞ்சேன். தரை... தரை சாயங்காலம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள், சட்டென்று புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன், நல்ல பிள்ளை. எதிரே இருந்த எனக்கே அவன் குரல் கேட்டது.

"நீதான கண்ணு எரியுதுன்ன? ஆறு மணியானா திரை தானா மஞ்சளாகிற மாதிரி வச்சுவிட்டேன். கண்ணுக்கு நல்லதாம்."

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"இப்ப எரியுதா, இல்லையா?"

போனை வைத்துவிட்டாள். மஞ்சள் திரையைப் பார்த்துப் பார்த்து, அது மட்டுப்படட்டும் என்று சாயங்காலமெல்லாம் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். காலையில் அடுத்த படத்தை எடுத்துவிடுவதால் முந்தின நாள் பூசியது கண்ணில் படவே இல்லை.

"மொத்தமா மஞ்சளை ஏத்திவிடுங்களேன்" என்றான் சிரித்தவன்.

"ஏத்தினா பகல்ல வரைஞ்ச சுவருக்குக் காமாலை வந்துடும்." டைரக்டர் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடதுதான் சார். பதினொண்ணையும் இன்னைக்கு ஒட்டுப் போட்டுத் தந்தா எல்லாமே கெடும். நாலு மணிக்கு மூணு தரேன். விளக்கு ஒண்ணு, விளக்கணைச்சது ஒண்ணு, விடியல் ஒண்ணு. அது சரியில்லன்னா வேற ஆளைப் போட்டுக்கோங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. "நாலுன்னா நாலு."

அந்த நாலரை மணி நேரமும் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பூசினாள். நான் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. நகத்தைத்தான் தின்றாள்.

மூன்றும் திரைக்கு வந்தபோது டைரக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விடியல் படத்தில் கட்டில் காலடியில் மட்டும் ஒரு கீற்று வெயில். பிள்ளை முகம் இன்னும் நிழலில். அதையே வெகு நேரம் பார்த்தார். பிறகு, "மிச்சம் எட்டையும் புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு பூசட்டும். நீ நிறத்தைச் சொல்லு. அடுத்த ரீலுக்கும் நீயே சொல்லிடு" என்று எழுந்து போய்விட்டார்.

இவள் ஆனந்தப்படுவாள் என்று பார்த்தேன். எங்கே! புதுப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அக்கா, ஜன்னல் ஓரத்துக்கு என்ன நிறம்?"

"சாம்பல்... இரு, கொஞ்சம் ரோஸ் கலந்துக்கோ. வேண்டாம், சாம்பலே. இல்ல, முதல்ல சொன்னதுக்கும் இதுக்கும் நடுவுல..."

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நீங்க முடிவா ஒண்ணு சொல்லுங்க. நான் பூசிடறேன்."