பார்த்ததை மட்டும் எழுதுகிறவள்

முதியோர் காப்பகத்தில் அவளுக்குப் 'புராணம்' என்று பேர். கூட வேலை பார்க்கிறவர்கள் தினக்குறிப்பில் "நன்றாக இருந்தார், சாப்பிட்டார், தூங்கினார்" என்று எழுதிவிட்டுச் செருப்பை மாட்டும்போது, இவள் மட்டும் பேனாவை உதறி உதறிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருப்பாள். சூடு கண்ட பூனை, பாவம். ஒருமுறை காலித் தட்டைப் பார்த்து "சாப்பிட்டார்" என்று எழுதிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்தான் ஒரு வாரமாக அந்தத் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார் என்பது, பட்டினி கிடந்தவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கண்ணால் கண்டது மட்டும்தான். "தட்டு காலி. யார் சாப்பிட்டது என்று பார்க்கவில்லை" என்றுகூட எழுதுவாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அங்கே தையல்காரர் ஒருவர் இருந்தார். பக்கவாதம் வந்து மூன்று மாதம். பேச்சு கொஞ்சம் குழறும், மற்றபடி ஆள் தங்கம். ஆனால் சட்டை மாற்றப் போனால் மட்டும் பளாரென்று அடி விழும். பதினோரு நாள் குறிப்பில் "முரட்டுத்தனம்" என்று ஏறிவிட்டது. ஊர்க்கோடியில் இருக்கும் வேறொரு இல்லத்துக்கு, கதவைப் பூட்டியே வைத்திருக்கும் இடத்துக்கு, அவரை அனுப்பிவிடலாம் என்று பேச்சு.

அவர் மனைவி தினமும் நாலு மணிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவாள். கதவுப் பக்கத்து நாற்காலியில் வாய் திறக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஊர்க்கோடிக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா?

"வந்துதான் என்ன ஆகப்போகுது?" என்றாள் ஒருநாள். "எம்மேல என்ன கோபமோ, மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருக்கார்."

அன்று புராணம் தன் குறிப்புகளைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றது. அதைக் காட்டினால் வேலைக்கே உலை. கிழித்துவிட்டால் கேட்பார் யாருமில்லை. இவள் எழுதுவதை எவர் படித்தார்கள்?

மறுநாள் அவரை அனுப்புவது பற்றிப் பேச மேற்பார்வையாளர் அம்மாவும் டாக்டரும் கூடியபோது, அந்தப் பக்கத்தைத் தானே வாசித்தாள்: "காலை ஏழரை. எனக்கு அவசரம். இடது பக்கமிருந்து சட்டையைப் போட்டுவிடப் போனேன். அடித்தார். 'சனியனே' என்று கத்தினேன். அழுதார். சட்டை கட்டிலுக்கு வலது பக்கம் விழுந்தது. எடுக்கச் சுற்றிப் போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். தானே கையை நீட்டினார்."

மேற்பார்வையாளர் அம்மாவின் முகம் 'சனியனே'யில் சுருங்கியது. டாக்டர் கடைசி வரியில் நிமிர்ந்தார். நேரே தையல்காரரிடம் போய் இடது பக்கம் பேனாவை ஆட்டினார். ஒன்றுமில்லை. வலது பக்கம் ஆட்டியதும் சட்டென்று பிடுங்கிக்கொண்டார் மனிதர். பக்கவாதத்தால், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்றார் டாக்டர்.

"இல்லாத இடத்துலேருந்து ஒரு கை வந்து சட்டையைப் பிடிச்சா, நீங்களும்தான் அடிப்பீங்க."

தையல்காரரை அனுப்பவில்லை. புராணத்துக்கு மட்டும், கத்தியதற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு, சம்பவம் நடந்த நேரம் விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்க்கவேண்டும் என்று திருப்பிக் கொடுத்தாள் மகராசி.

அன்றைய குறிப்பை மட்டும் சுருக்கமாக முடித்தாள்:

"மாலை நாலு மணி. நாற்காலியை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றிப் போட்டேன். மனைவி உட்கார்ந்தார். தையல்காரர் அவரையே பார்த்தார். 'நீ எப்ப வந்தே?' என்று கேட்டார். 'இப்பத்தான்' என்றார் மனைவி."